உள்ளங்கைச் சீனி

எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்ட இரண்டு போலீஸ்காரர்களால் அரை மணி நேரம் முடியவில்லை. அவர்களைத் தாண்ட வைத்த பெருமை என்னைச் சேரும். அப்போது எனக்கு எட்டு வயது.

எங்களோடு இருந்த மாமா லாரி ஓட்டினார். அவர் கட்டிக்கொண்டு வந்த அத்தை, சண்டை முடிந்த சமயத்தில் இலங்கையிலிருந்து படகேறி வந்தவள். எந்த அகதி முகாமிலும் பதியவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பிடித்தால் எங்காவது அடைத்துவைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். யார் கேட்டாலும் அத்தைக்கு ராமநாதபுரம் என்று சொல்ல என்னைப் பழக்கியிருந்தார்கள். வாய்ப்பாட்டைவிட அதை நன்றாக மனப்பாடம் செய்திருந்தேன்.

எவரோ போலீசுக்கு எழுதிப்போட்டிருக்க வேண்டும். ஒரு சித்திரை வெயிலில் வந்து நின்றார்கள். மாமா சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். பின்னறையில் கூலிக்குத் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த அத்தையோடு அம்மாவும் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். வக்கீல் குமாஸ்தாவான அப்பா நிலையில் கையை ஊன்றிக்கொண்டு வழியை மறித்தார்.

"உத்தரவு கொண்டாந்திருக்கியளா? இல்லன்னா படி ஏறக் கூடாது."

"உள்ள பாத்துட்டு உடனே போயிருதோம் அண்ணாச்சி."

"அங்கன நின்னே கேளுங்க. நான், எம் பொஞ்சாதி, மக. வேற யாரும் இங்கன இல்ல."

அவர்களும் நின்றார்கள். எனக்கோ மானம் போயிற்று. வீடு தேடி வந்தவர்களை வெயிலில் காயவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காத குடும்பமா நாங்கள்? பிளாஸ்கில் அத்தை போட்டுவைத்த பாலில்லாத தேநீர் இருந்தது. இரண்டு தம்ளரில் ஊற்றி, சீனிக் கிண்ணத்தையும் தட்டில் வைத்து, அப்பாவின் கைக்கு அடியில் புகுந்து வெளியே போனேன்.

"கைய நீட்டுங்க சார்."

வயதில் மூத்தவர் நீட்டினார். உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி வைத்து, இதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தேன். அத்தை வந்தபிறகு எங்கள் வீட்டில் அப்படித்தான். ஊர் முழுக்க அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர் சீனியையே பார்த்தார். "முகாம்ல ஆறு வருசம் டூட்டி பாத்தேன். அங்கனதான் இப்பிடிக் குடிப்பாவ. யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா?"

"எங்க அத்தை. அவியளுக்கு ராமநாதபுரம்" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன்.

"இனி உத்தரவு வேண்டாம் அண்ணாச்சி. ஆள் உள்ள இருக்குன்னு சந்தேகப்பட முகாந்திரம் கெடச்சாச்சு. சட்டம் உங்களுக்குத் தெரியாததா?"

அப்பாவுக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டார். நல்ல வழக்குகளைத் தோற்றுவிட்டு வரும் நாள்களில்கூட அவர் முகம் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் படியேறி இரண்டெட்டு வைப்பதற்குள் அத்தையே தாழை நீக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஜீப்பில் ஏறுமுன் என் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ பிழை ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுத்தது நல்ல காரியம்தான்."

அதன்பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அன்று அம்மா ஏன் அப்படி அழுதாள் என்று நான் கேட்கக்கூட இல்லை. அத்தை பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி ஓட்டுகிறவர் என்பதால் மாமாவுக்கு யாரும் போனில் விஷயத்தைச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் லாரியை விட்டு இறங்கியதும் தெருமுனைக்கே ஓடிப்போய், போலீசுக்கு நான்தான் டீ கொடுத்தேன் என்று சொன்னேன்.