வெட்ட ஒயர் இல்லாத மாடி

நேற்று வீட்டுக்கு நெட் போட வந்தவர், "ஒயரே வேணாம் சார், எல்லாம் காத்துலயே வந்துரும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒயர்தான் வேணும், போடுங்க" என்று கத்திவிட்டேன். என் மனைவி பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

அவர் கேபிளைச் சீவியபோது வந்த பிளாஸ்டிக் வாசனை என்னைப் பட்டாபிராமுக்கு இழுத்துப் போனது. நானும் என் கூட்டாளி ஏழுமலையும் அங்கே இன்டர்நெட் லைன் இழுத்த காலம். ஏணியில் அவன்தான் ஏறுவான். எனக்கு உயரம் என்றால் பயம், கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன்.

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஏரியா, அந்தப் பக்கம் இன்னொரு கேபிள்காரருடையது. எழுதாத சட்டம். நாங்கள் அதைத் தாண்டி அந்தப் பக்க வீடுகளுக்கும் லைன் கொடுத்தோம். ஒயரில் போகிற டேட்டா மழையானாலும் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஆனால் அது போகிற வழி ஊருக்கே தெரியுமே! அவர் ஆட்கள் வாரா வாரம் வெட்டினார்கள். தடுக்கப்போன எனக்கு இரும்பு ராடால் அடி விழுந்தது. முன்பல் இரண்டு காலி.

ஏழுமலைதான் யோசனை சொன்னான். நெட்டைக் காற்றிலேயே அனுப்பி வாங்க எங்கள் மாடியில் ஒரு டிஷ், அந்தப் பக்க மாடியில் ஒரு டிஷ், நடுவில் வெறும் காற்று.

"ஒயர் இருந்தாத்தானே மாமே வெட்டுவான்? இப்போ இன்னாத்த வெட்டுவான்?"

இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மரக்கிளை குறுக்கே வந்தாலும் வேகம் செத்துவிடும். அதனால் ஏழுமலை தினமும் காலையில் அந்த மாடிக்குப் போய்ச் சரிபார்ப்பான். எங்கள் டிஷ் முகம் காட்டும் திசையிலேயே நடந்தால் அதன் ஜோடி கிடைத்துவிடும் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. அவர்களுக்கு எட்டியது.

ஒரு நாள் காலை அங்கிருந்து போனில் கேட்டான். "சிக்னல் எவ்ளோ கீது?"

"ஃபுல்லா கீதுடா."

"யார்ரா நீங்க, இன்னா ஓணும்?" என்றான் அடுத்து. அது எனக்கில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்டவாளத்துக்கு அப்பால் அந்த மாடியில் அரிவாள்கள் ஏறி இறங்கின. சத்தம் என் காதில், போனில். வெட்ட ஒயர் இல்லாததால் ஆளை வெட்டினார்கள்.

தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன். மழைத்தண்ணீர்க் குழாய் வழியாக ரத்தம் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. மேலே அவன் இல்லை, உடம்புதான் கிடந்தது. டிஷ்ஷை யாரும் தொடவே இல்லை. அன்றைக்கு முழுக்க ஒரு வீட்டிலும் நெட் நிற்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எதையாவது உடைக்கத் தோன்றுகிறது.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இரண்டு கேபிள் ஆபீசும் மூடியாயிற்று. எந்தப் பக்கம் யாருடைய ஏரியா என்று கேட்டால் இப்போது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்த ஏரியாவுக்காகத்தான் ஏழுமலையை வெட்டினார்கள்.