காகிதம் இல்லையாம்

இலவசமாகக் கிடைக்கிறது என்று யாரும் லினக்ஸைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று ஒரு நாள் காலை முழுக்கக் கத்தினேன். மத்தியானத்துக்குமேல் வாயை மூடிக்கொண்டேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருஷங்களில், கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு வேலை பார்த்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதோடு ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். யாரோ போட்டுக்கொடுத்த திருட்டு சாப்ட்வேரில் வைரஸ் புகுந்து, மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு, விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் சிடி இலவசமாக வந்திருந்தது. இதைப் போடலாம் என்று முதலாளியிடம் சொன்னவள் நான்தான்.

"துட்டு கேக்குமா?"

"கேக்காது அண்ணாச்சி."

"அப்பம் போடு தாயி."

மனுஷன் அதோடு நிற்கவில்லை. கையால் எழுதும் பில் புத்தகம் தீர்ந்துபோயிருந்தது. இனிமேல் கம்ப்யூட்டர் பில்தான், புத்தகம் அடிக்க வேண்டாம் என்றுவிட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் போட்டு முடித்து, மாதிரிக்கு ஒரு பில்லை அனுப்பினேன். பிரிண்டர் அடித்தது. ஆனால் அடித்த அழகைப் பார்க்க வேண்டுமே. முதல் வரி முடிந்ததும் காகிதம் ஒரு வரி ஏறியது, அச்சுத்தலை மட்டும் இடது ஓரத்துக்குத் திரும்பவில்லை. முதல் வரி எங்கே முடிந்ததோ அதற்குக் கீழே இரண்டாவது வரி தொடங்கியது. மூன்றாவது இன்னும் தள்ளி. பில் முழுக்கப் படிக்கட்டாக இறங்கி, கடைசி வரிகள் காகிதத்துக்கு வெளியே போய்விட்டன. பூஜைக்குக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் பார்க்கலாம் என்று அணைத்துவிட்டுப் போனேன்.

பூஜை முடிந்த மறுநாள் காலை, மறுபூஜை போட்டுச் சூடம் காட்டிய கையோடு வேலை தொடங்கியது. எல்லா மிஷினிலும் சந்தனமும் குங்குமமும். எங்கள் ஆபீஸில் அந்தப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். தானாக உதிரும்வரை இருக்கும்.

முற்றத்தில் லாரி நின்றது. பண்டல்கள் ஏற்றித் தார்ப்பாய் கட்டியாயிற்று. பில் மட்டும்தான் பாக்கி. பில் இல்லாமல் செக்போஸ்ட்டைத் தாண்ட முடியாது. கிழக்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. எங்கள் முற்றம் கரிசல் மண். காய்ந்திருந்தால் கல். நல்ல மழை ஒன்று விழுந்தால் லோடு லாரி அச்சுவரை புதைந்துவிடும், அப்புறம் தார்ரோட்டைப் பார்க்க நாலைந்து நாளாகும். தீப்பெட்டியோ ஈரத்தில் நமுத்துப்போகும்.

படிக்கட்டைச் சரிசெய்யும் வழி சிடியிலேயே உதவிக் குறிப்பாக இருந்தது. முதல் காரியமாக இந்தக் குறிப்பை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கியிருந்தான், எழுதிய புண்ணியவான். பல்லைக் கடித்துக்கொண்டு திரையிலேயே படித்தேன். வரி முடிந்ததும் ஓரத்துக்குத் திரும்பு என்று பிரிண்டருக்குச் சொல்ல ஒரு சிறிய திருத்தம். செய்தேன். பூஜைக்குக் கழற்றி வைத்திருந்த தாளைச் செருகி, மாதிரிக்கு இரண்டு வரி அனுப்பினேன்.

இப்போது படிக்கட்டும் இல்லை, எழுத்தும் இல்லை. பிரிண்டர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

என் திருத்தம்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்து அதை எடுத்தேன். அனுப்பினேன். வரவில்லை. மறுபடி போட்டேன். வரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மாதிரிக்கு இரண்டு வரி தட்டி அனுப்பினேன். முதலில் 'டெஸ்ட்' என்று தட்டினேன். போகப்போக வாயில் வந்ததையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டினேன். 'அடிச்சுத் தொல சனியனே' என்பது அதில் மரியாதையானது.

லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏம்மா, பில்லு தாரியளா, இல்ல நான் தாப்பாய்க்கு அடியில படுத்துக்கிடவா?"

"படுங்க. தீக்குச்சிக்குத் துணையாக் கெடங்க."

"வானத்தப் பாத்தியளா?"

"நான் பாக்கிறதுக்கு இங்கனயே வேண்டிய மட்டும் இருக்கு."

உள்ளே லேபிள் ஒட்டும் பெண்களுக்கோ ஒரே சந்தோஷம். பாதிப்பேர் வீட்டில் மானாவாரி நிலம் உண்டு. மழைக்குத்தான் காத்திருந்தார்கள். "ஏட்டி, மண்ணு வாசம் வருதுட்டி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் "யக்கா காதுல விழுந்துராம, பசைய எடுத்து ஒன் வாயில ஒட்டிருவாவ" என்றாள். எனக்குக் கேட்கத்தான் செய்தது. மழை வரக்கூடாது என்று அந்தக் கரிசலில் நினைத்தவர்கள் மூன்றே பேர். நான், முதலாளி, டிரைவர்.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "சும்மா வந்ததுல்லா, சும்மாதான் இருக்கும்" என்றார்.

அந்தக் கோபத்தில்தான், நடப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் தானாக எழுதிவைக்கும் பதிவைத் திறந்து கடைசி வரியைப் படித்தேன். பிரிண்டரில் காகிதம் தீர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு மேல்வரியும் அதுதான். அதற்கும் மேலே அதுதான். காலையிலிருந்து அது இதை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"காகிதம் இல்லையாம் அண்ணாச்சி. கண்ணு அவிஞ்சு போச்சு இதுக்கு. இந்தா இருக்கு பாருங்க காகிதம்" என்று சொல்லி, ஓரத்தில் துளைபோட்ட அந்தத் தொடர்தாளைச் சரட்டென்று உருவி முதலாளி முகத்துக்கு நேரே ஆட்டினேன்.

தாளின் அடிப்பக்கத்தில் மஞ்சளாக ஒரு கோடு.

மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். காகிதம் வரும் வழியில் நகக்கண் அளவுக்கு ஒரு நெம்புகோல் உண்டு. காகிதம் அதை அழுத்தினால்தான் காகிதம் இருப்பது பிரிண்டருக்குத் தெரியும். அதன்மேல் அப்பிய சந்தனம் காய்ந்து, அதை அசையவிடாமல் பிடித்திருந்தது. காகிதம் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு முன்பக்கம் இருந்தது. அதன்மேல் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

"யாருட்டி பிரிண்டருக்குப் பொட்டு வச்சது?"

லேபிள் ஒட்டும் பெண் ஒருத்தி பசைக்கையோடு எழுந்து வந்தாள். "நாந்தான் யக்கா. எந்த மிஷினுக்கும் அசையுற எடத்துலதான வைப்போம்? தாளக் கழத்தி வச்சிட்டு, இதுல எது அசையும்னு தொட்டுத் தொட்டுப் பாத்தேன். இது ஒண்ணுதான் துள்ளிச்சு."

எங்கள் ஆபீஸ் வழக்கம் அதுதான்.

"பூசைப் பொட்டுல்லா, தொடைக்கலாமா?" என்றார் முதலாளி.

"தொடைக்காட்டா லாரி இங்கனயே மொளைக்கும்."

ஈரத்துணியைச் சுற்றிய ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். நெம்புகோல் துள்ளியது. தாளைச் செருகிப் பில்லை அனுப்பினேன். பிரிண்டர் அலறிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. பில் அல்ல. காலையிலிருந்து நான் அனுப்பிய அத்தனையும் வரிசையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வரிசையை அழிக்கும் கட்டளை எனக்கு அப்போது தெரியாது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரும் தாள்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "டெஸ்ட். டெஸ்ட்டு. சனியனே. இது என்ன தாயி, மூதேவிக்கு இத்தன இங்கிலீசு ஈயா போட்டிருக்க?" அதற்கடுத்த தாளைச் சத்தம் போட்டு வாசிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். படிக்கட்டு எதிலும் இல்லை. காலையில் முதலில் செய்த திருத்தமே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கடைசியாகப் பில் வந்தது, வரிகளெல்லாம் ஓரத்தில் ஒழுங்காக நிற்க. கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. டிரைவர் பில்லைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினார். லாரி உறுமி, முற்றத்தைத் தாண்டித் தார்ரோட்டில் ஏறியதும் நீளமாக ஹாரன் அடித்தார். அதற்குப் பிறகுதான் மழை பிடித்தது. பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். நானும் போய் நின்றேன். இப்போது எனக்கும் மழை வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் பூஜைக்கு அதே பெண் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "யக்கா, இதுக்கு எங்கன வைக்க?"

"மேசைக் காலுக்கு வையி."

"அது அசையாதே யக்கா."

"அதான் அங்க வைக்கச் சொல்லுதேன்."