சேறு என்று சொன்னேன்

இதை என் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. யுத்த காலத்தில் ஆவடி ராணுவ முகாமில் நான் லாரி ஃபிட்டர். ஒரு லாரியின் பின்சக்கரத்தில் ஆயில் கசிந்து பிரேக்கை நனைத்துக்கொண்டே இருந்தது. ஆயிலைத் தடுக்கும் தோல் வளையமான சீல் இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. யாரோ வேண்டுமென்றே கெடுப்பதாக முகாமின் வெள்ளைக்காரத் துரைக்குச் சந்தேகம். அகப்பட்டவனுக்கு ஜெயில்தான்.

மறுபடி அடியில் படுத்துப் பார்த்தேன். அச்சின் மேலிருந்த காற்றுத் துளையைப் பச்சைப் பெயிண்ட் மூடியிருந்தது. சூடான காற்று போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது.

பெயிண்ட் அடித்தவன் என் தங்கை புருஷன் ஏகாம்பரம். பக்கத்திலேயே நின்றான்.

"இன்னா மச்சான், இன்னா கீது அங்க?"

துரையும் குனிந்தார். சுரண்டிய பெயிண்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன்.

"சேறு அடைச்சிகினு இருந்துச்சு தொர."

கசிவு நின்றது. ஏகாம்பரம் தப்பினான், எதிலிருந்து என்று தெரியாமலே.

அவன் பெயிண்ட் அடித்த மற்ற லாரிகள் அன்று காலையே மலைப்பாதைக்குப் புறப்பட்டிருந்தன. ஆயில் பட்ட பிரேக் இறக்கத்தில் பிடிக்காது. பெயிண்ட் என்று சொல்லியிருந்தால் தந்தி அடித்து நிறுத்தியிருப்பார்கள்.

சேற்றுக்கு யார் தந்தி அடிப்பார்கள்?