ஒரு குண்டும் வெடிக்காத கரை

துலுக்காணம் பழவேற்காட்டு ஏரியோரக் குப்பத்துக்காரன். கடற்படையில் வேலை. எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் வங்கப் போர் மூண்டபோது, பட்டாளத்தைக் கரையிறக்கும் கப்பலில் இருந்தான். எதிரி நினைத்தே பார்க்காத கடற்கரையில் திடுமென இறங்கி, அவன் தப்பி ஓடும் பாதையை அடைக்க வேண்டும். அதுதான் உத்தரவு.

விடிந்தும் விடியாத நேரம். கப்பல் மணலில் தட்டி நின்றது, முன்கதவு திறந்தது. எதிரே ஆளரவமே இல்லை. அப்பாடா என்றிருந்தது எல்லோருக்கும். ஆனால் கப்பல் தட்டியது கரையில் அல்ல, கடலுக்குள் கிடந்த மணல்திட்டில். அதைத் தாண்டினால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம். முதலில் இறங்கிய மலைநாட்டுச் சிப்பாய்களுக்கு நீச்சல் தெரியாது. முதுகு மூட்டையோடும் துப்பாக்கியோடும் அப்படியே முங்கிப்போனார்கள்.

துலுக்காணம் குதித்துவிட்டான். ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து மேலே தள்ளினான். இன்னொருவன் இவன் கையை இறுகப் பற்றினான். ஒரு பேரலை அடித்தது, பிடி நழுவியது. முங்கி முங்கித் தேடியும் அவன் அகப்படவில்லை.

பொங்கல் லீவில் ஊருக்கு வந்தபோது குப்பமே கூடிவிட்டது.

"எத்தினி பேர சுட்ட மாமா?" மச்சினன் நாகமுத்து கேட்டான்.

"ஒரு குண்டு கூட வெடிக்கலடா."

"அப்போ சொம்மா போய்ட்டு வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். துலுக்காணம் எழுந்து போய்விட்டான். அதன்பின் ஏரிப்பக்கமே தலைகாட்டவில்லை.

"இன்னாயா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் மனைவி செங்கம்மாள். நடந்ததைச் சொன்னான். "என் கையாலயே வுட்டுட்டேன்டி."

"நீ வுடல. கடலு இஸ்துகினு பூட்ச்சி," என்றாள் அவள். "முகத்துவாரத்துல படகு கவுந்து எங்கண்ணன் செத்தப்பவும் தம்பி நாகமுத்து அவன புடிச்சிகினுதான் இருந்தான். ஒரு வருஷம் தண்ணிய பாக்காம கெடந்தான்யா அவன். யாராவது அவன குத்தம் சொன்னமா?"

துலுக்காணம் மறுநாள் மச்சினனைத் தேடிப் போனான். வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த நாகமுத்து, நடந்ததை எல்லாம் கேட்டதும் வலையைக் கீழே வைத்தான்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாது மாமா," என்றான். "காலைல படகுக்கு வரியா?"

"வரேன்."

சில வருஷம் கழித்துக் கடற்படையை விட்டு வந்த துலுக்காணத்துக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நாகமுத்துவும் ஒரே படகில் போவார்கள்.