லண்டன் சண்டியனும் என் மாமாவும்

நான்கு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் கோரிக்கை மறுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அன்றைய பிரெஞ்சு நிர்வாகத்தின் பொது விதி இது. பிற்காலத்தில் நானே அந்த நிர்வாகத்தில் அமர்ந்து பலருக்கு இதை விளக்கியிருக்கிறேன். இன்றும் எனக்குச் சம்பளம் தருவது அதற்காகத்தான். மனைவிமார் விஷயத்தில் இந்த விதி செல்லாது என்று என் மாமா, அம்மாவின் தம்பி, நம்பினார்.

அவருக்கு அகதி அட்டை கிடைத்துவிட்டது. மாமியை யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. மாமி சம்மதித்தால் போதும். கேட்டு எழுதி அரை வருடத்துக்கு மேலாகியும் ஒரு வரி வரவில்லை. மாமா வாரம் முழுக்க உணவகமொன்றில் கோப்பை கழுவினார். ஞாயிறுகளில் பாரிஸ் லா சப்பலில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிறு என்னைப் படத்துக்குக் கூட்டிப்போனார். ஆங்கிலப் படம், கீழே பிரெஞ்சு எழுத்து. "நீ வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்றார். வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. அலுவலகமானாலும் வைத்தியரானாலும் பிரெஞ்சு என் இலாகா. பதின்மூன்று நிறையாதவர்களுக்கு அனுமதியில்லை என்று வாசலில் ஒட்டியிருந்தது. எனக்குப் பன்னிரண்டு.

"மாமா, வயசு கேக்கினம்."

"வயசைச் சொல்லாதை. நிமிர்ந்து நில்."

நிமிர்ந்தேன். விட்டார்கள்.

லண்டன் சேரிப் பையன் ஒருவன் கத்தியோடு தொடங்கி, தன் தலைவனையே கொன்று, நகரத்தின் பாதியைக் கைக்குள் கொண்டுவருகிறான். இரத்தம் ஏராளம், கெட்ட வார்த்தை அதைவிட. அவற்றை மாமாவிடம் எப்படிச் சொல்வது? பெரியவர்களின் கோபத்தை அலுவலகங்களில் துடைத்துத் துடைத்து மொழிபெயர்த்துப் பழகியவள் நான். ஆகவே எதிரியின் கழுத்தில் கத்தியை வைத்த சண்டியன், "ஐயா, ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ" என்றான். மாமா குலுங்கிச் சிரித்தார்.

"நல்ல வளர்ப்பு" என்றார்.

கடைசியில் எல்லாம் அவனுடையதாகிவிடுகிறது. பெரிய வீட்டில் தனியே இருந்து, விட்டுப்போன மனைவிக்குத் தொலைபேசி எடுக்கிறான். திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சுகிறான். அவள் "நோ" என்கிறாள். வேறொன்றும் சொல்லவில்லை.

"என்னவாம்?" என்றார் மாமா.

"இப்ப வேலையாம். பிறகு வாறாவாம்."

"ஓம், ஓம். வருவா."

விளக்குப் போட்ட பிறகும் அவர் எழும்பவில்லை. அந்தக் கொட்டகையில் ஒரே டிக்கெட்டில் அடுத்த காட்சியையும் பார்க்கலாம்; அது மட்டும் விதிப்படி நடந்தது. மறுபடியும் கத்தி, மறுபடியும் ஐயா. பக்கத்து வரிசைக்காரர் "உஷ்" என்றார். மாமா இந்தமுறை சிரிக்கவில்லை. திரையில் தொலைபேசி வந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"என்னவாம்?"

"பிறகு வாறாவாம்."

தலையாட்டினார். எனக்குப் பசி. சொன்னதையே திரும்பச் சொல்ல வைக்கிறாரே என்று எரிச்சல் வேறு. ஊரில் மாமா ஆங்கில வாத்தியாராக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அந்த வயதில் தெரியவில்லை.

மாமியின் பதில் வந்தபோது யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது தமிழில் இருந்தது. துடைத்துச் சொல்ல நடுவில் ஆளில்லாமல் மாமா தானே வாசித்தார். அன்று செவ்வாய்க்கிழமை, 1982 மே 11.