மேலே வந்த வலப்பக்கம்

பொய் சொல்வதில் கல்லூரியிலேயே பேர் வாங்கியவன் நான். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் இது நடந்தது. கனாசாவா நகரத்தில், பட்டப்பகலில்.

கல்லூரிச் சுற்றுலாவில் அன்று மட்டும் எங்கள் இஷ்டத்துக்கு ஊர் சுற்றலாம். பேராசிரியர் தூங்கப் போய்விட்டார். நானும் ரெய்ஜியும் கனோவும் வாடகைக்குக் கிமோனோ தரும் கடைக்குப் போனோம். ரெய்ஜிக்கு மனசே இல்லை. அவன் அம்மா நகோயாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "நீ போடா. கிமோனோ கட்டிக்கிட்டு ஒரு படம் அனுப்பு. பாத்துட்டு நிம்மதியா தூங்குறேன்" என்று அவர்தான் துரத்தியிருந்தார். அந்த ஒரு படத்துக்காகத்தான் வந்திருந்தான்.

கிமோனோவின் முன்பக்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கட்டும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. கடைக்கார அம்மாள் சரியாகத்தான் கட்டிவிட்டார். நான் பார்த்தேன்.

ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்தோம். ரெய்ஜி உடனே அம்மாவுக்கு அனுப்பினான். கனோ எட்டிப் பார்த்தாள்.

"டேய்... பொணம் மாதிரி கட்டியிருக்கே!"

"கேமரா கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும்டி. அவன் மூஞ்சியே பொணம்தான், கிமோனோ என்ன பண்ணும்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. படத்தில் பின்னாலிருந்த கடைப்பலகையைக் காட்டினாள். எழுத்துகள் நேராக இருந்தன.

நிமிர்ந்து பார்த்தோம். ரெய்ஜிக்கு வலப்பக்கம் மேலே இருந்தது. இடுப்புப் பட்டையின் முடிச்சு அவிழவே இல்லை.

"ஐயோ, அம்மாவுக்கு அனுப்பித் தொலைச்சிட்டேனே!"

அழிக்கப் போனான். அதற்குள் அங்கே பார்த்துவிட்டார்கள் என்று போன் காட்டியது.

முடிச்சை அவிழ்த்து நானே சரியாகக் கட்டிவிட்டேன். பக்கத்து இனிப்புக் கடையில் உட்கார்ந்து சிவப்புப் பயறுப் பாயசம் வாங்கினோம். எனக்கு நாக்கு பொத்துப்போனது.

"இது ஏன்டா ஆறிப்போயிருக்கு?" என்றான் ரெய்ஜி.

அவன் கிண்ணத்திலும் ஆவி பறந்துகொண்டிருந்தது...

"ஷிபு, அவன் நெஞ்சப் பாரு" என்று கனோ என் கையைக் கிள்ளினாள்.

மறுபடியும் வலப்பக்கம்.

அவன் கையைத் தொட்டேன். பனிக்கட்டி. உதடு நீலம்.

"அம்மாகிட்ட போறேன்டா..."

கடைக் கடிகாரம் இரண்டு அடித்தது.

சர்ர்ர்...

துணி உரசும் சத்தம். நாங்கள் யாரும் அசையவில்லை.

வலப்பக்கம் தானாக உள்ளே போனது. இடப்பக்கம் மேலே வந்தது. கழுத்தருகே இருந்த சுருக்கத்தை ஏதோ ஒன்று மெல்ல நீவிவிட்டது.

பிறகு தோளில் ஒரு தட்டு.

டப்.

பள்ளிக்கு அனுப்பும்போது தட்டுவார்களே... அப்படி.

"அம்மா?" என்றான் ரெய்ஜி.

அவன் கை சூடாகியிருந்தது.

போன் அடித்தது. அவன் அப்பா.

மீதியைச் சாவு வீட்டில் அப்பாதான் சொன்னார். உயிர் போனது இரண்டு மணிக்கு. படத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியது நர்ஸ். பல வாரங்களாக அம்மாவால் ஒரு விரலைக்கூட அசைக்க முடிந்ததில்லை.

"படத்த ரொம்ப நேரம் பாத்தாளாம்ப்பா. 'கொஞ்சம் தனியா விடும்மா, ஒரு வேலை இருக்கு'ன்னு நர்ஸ்கிட்ட சொன்னாளாம்."

நர்ஸ் திரும்பி வந்தபோது, கிமோனோ மாதிரியே மடித்துக் கட்டும் அம்மாவின் ஆஸ்பத்திரி அங்கியில் வலப்பக்கம் மேலே இருந்தது.

நாடாவின் முடிச்சு, காலையில் நர்ஸ் போட்டது போட்டபடியே இருந்தது.