அக்காவுக்கு நான் கொடுத்த வாக்கு

இப்போது நான் கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலயில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல்காரன். படுக்க அறை தந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் பதினாலு மாதம் கண்டி பஸ் நிலையத்தில் படுத்தேன். மனைவி செத்தாள், நான் வேலை செய்த புடவைக் கடையை மூடினார்கள், வாடகை வீட்டை விற்றுவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. குடித்தே அழிந்தவன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்குத் தேத்தண்ணிக்கு மேல் பழக்கம் கிடையாது.

எல்லோரும் பசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பசி கிடக்கட்டும். கண்டியில் தானம் கொடுப்பவர்களுக்குக் குறைச்சலில்லை. சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துவிட்டு முகத்தைப் பாராமல் போய்விடுவார்கள். ஒரு தடவை நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, கடையில் பிளேன்டீ கேட்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன். பிறகு யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கத் தொடங்கியது. திரும்பினால் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

அப்போதுதான் சாவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் பெரிய ரோட்டிலிருந்து வீட்டு வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டுவார்கள். அழைப்பு வேண்டாம், கொடி போகிற வழியில் போனால் வீடு வரும். உட்காரக் கதிரை தருவார்கள், குடிக்கத் தேத்தண்ணி தருவார்கள். சவப்பெட்டியைத் தனியாக விடக்கூடாது என்பதால், நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பவனுக்கு மதிப்புகூட உண்டு. "சாப்பிட்டிங்களா?" என்று கண்ணைப் பார்த்துக் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக நான் தூரத்திலிருக்கும் திகன வரைக்கும் போயிருக்கிறேன். வெட்கம்கெட்ட பிழைப்புதான்.

பஸ் நிலையத்தில் நான் படுக்கும் பெஞ்சின் மறுமுனை ஓர் அக்காவுடையது. எட்டு வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து பங்களா வேலைக்குக் கொண்டுவரப்பட்டவள். அறுபது வயதுவரை அடுத்தவர் குசினியில் அடுப்போரம் படுத்தவள். வீட்டுக்காரர்கள் வெளிநாடு போனார்கள், இவள் பையோடு ரோட்டுக்கு வந்தாள். சில காலைகளில் எழுந்து, "தொரைக்கு தேத்தண்ணி கொண்டு போகணும்" என்று அடுப்பைத் தேடுவாள். நான் கையைப் பிடித்து உட்காரவைப்பேன். சாவு வீட்டுக்குப் போட என்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டையை நான் குழாயில் அலசிக் காயவைத்துக் கொடுத்தால், மடித்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள். அயன் போட்ட மாதிரி இருக்கும்.

"ஊர்ப் பொணத்துக்கெல்லாம் காவல் இருக்கிறிங்க தம்பி," என்றாள் ஒருநாள். "நான் செத்தா தனியா விட்டுறாதீங்க. பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும்."

"ஒங்களுக்கு அவ்வளவு லேசுல சாவு வராதுக்கா."

"வெளாட்டுக்குக் கேக்கல. இருப்பிங்களா?"

"இருப்பேன்க்கா."

அடைமழை நாட்களில் அவளுக்கு இருமல் பிடித்தது. அம்பிட்டியவில் கொடி கட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டபோது, "வெரசா வந்துருங்க" என்றாள். பொழுதுபடுவதற்குள் வந்துவிடுவேன் என்றேன்.

அது வேதக்காரர் வீடு, பெட்டியின் தலைமாட்டில் சிலுவை வைத்திருந்தார்கள். செத்தவர் ஓய்வுபெற்ற கிளார்க். மகன் என்னிடம் வந்து, "அப்பாவோட வேல செஞ்சவங்களா?" என்று கேட்டான். ஆமென்று தலையாட்டினேன். "அப்பா ஒங்களப் பத்தி சொல்லியிருப்பாரு அங்கிள், எனக்குத்தான் ஞாபகம் இல்ல. நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறோம். பொட்டிக்குத் தோள் குடுக்க ஒரு ஆள் கொறையுது. இருப்பிங்களா?"

இருப்பேன் என்றேன். என்னையும் ஆறு பேரில் ஒருத்தனாகச் சேர்த்தார்கள். பாயும் தலையணையும் தந்தார்கள். அக்காவை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தது. ஒரு ராத்திரிதானே என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் தோள் கொடுத்துவிட்டு, அவளுக்கென்று எடுத்துவைத்த பிஸ்கட்டோடு வந்தேன். பெஞ்ச் காலி. அடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள்.

"கெழவி விடியக்காலையே போயிருச்சி போல," என்றார் பஸ்களுக்கு நேரம் குறிப்பவர். "பத்து மணி வரைக்கும் தூங்குதுன்னுதான் நெனச்சோம். பெறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க."

அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் பத்து மணிவரை பிணமாகக் கிடந்திருக்கிறாள். நான் அம்பிட்டியவில் ஒரு முன்பின் தெரியாதவரின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரேத அறைக் காவலாளி என் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தார்.

"சொந்தக்காரரா?"

"அக்கா," என்றேன்.

"பேரு என்ன?"

நான் வாயைத் திறந்தேன். அவள் தம்பி என்றாள், நான் அக்கா என்றேன். அதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. நான் கேட்டதேயில்லை.

அவர் கெட்ட மனிதரில்லை. "பேர் தெரியாத அக்காவா?" என்று மெதுவாகக் கேட்டார். "நீங்க சொந்தம்னு ஒங்க ஊர்க் கிராம சேவகர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி நான் உள்ள விட ஏலாது."

பஸ் நிலையத்துப் பெஞ்சுக்கு எந்தக் கிராம சேவகர் கடிதம் கொடுப்பார்? பக்கத்தில் உட்கார்ந்திருக்க மட்டும் விடச்சொல்லிக் கேட்டேன். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். அன்றைக்கும் மறுநாளும் வெளியே மதிலோரம் உட்கார்ந்திருந்தேன், கேட்டைப் பூட்டும்வரை. உள்ளே எந்தப் பக்கம் அவளை வைத்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் போனபோது, காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டார்கள் என்றார் காவலாளி. எங்கே என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்களுக்குத்தான் சொல்லுவாங்க," என்றார்.